உயிலில் சொன்னால் கோபிக்கக் கூடாது

டிசம்பர் முப்பத்தோராம் தேதி பழைய வருடம், பொம்மையாக எரிக்கப்பட்டு, செத்துப்போகும். சாவதற்கு முன் ஊராருக்கு ஓர் உயில் எழுதிவைக்கும். குவாயாகில் நகரத்தின் தெற்கே, கழிமுகச் சேற்றின் மேல் மண் கொட்டி எழுப்பிய அந்தப் பேட்டையில், கடந்த பதினோரு வருடங்களாக அந்த உயிலை எழுதிக்கொடுத்தவள் அசுசேனா கிமி. காலையில் கால்பந்து மைதானத்து வாசலில் மேசை போட்டு மீன்சாறு விற்பாள். மீதி நேரத்தில், யாருக்கு எதை விட்டுப்போகலாம் என்று கிழட்டு வருடத்தின் சார்பில் யோசிப்பாள்.

எழுதுவதுதான் அவள். படிப்பது அவள் புருஷன் வாஷிங்டன். சாகிறவன் கிழவன், கிழவனுக்குப் பெண்குரல் பொருந்தாது என்பது புதுவருடக் கமிட்டியின் கருத்து. அந்தக் கிழவனுக்காகத் தெருவில் புரண்டு அழும் விதவைகள் மட்டும் மீசை வைத்த ஆண்களாக இருக்கலாம். அது பொருந்தும்.

உயிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அதில் சொன்னதற்கு யாரும் கோபிக்கக் கூடாது. வருடம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்ததை அன்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். போன வருட உயிலில் இப்படி ஒரு வரி இருந்தது:

கடைக்கார செகுந்தோவுக்கு என் கண்ணாடியை விட்டுப் போகிறேன் – தராசில்
எடைக்கல்லோடு கட்டைவிரல் ஏறுவதை இனியாவது பார்க்கட்டும்.

செகுந்தோ கூட்டத்தின் நடுவில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அசுசேனாவைத் தேடி வந்து கைகுலுக்கினார். ஜனவரி இரண்டாம் தேதி காலை கடையைத் திறந்து, அதே கட்டைவிரலோடு வியாபாரத்தைத் தொடங்கினார். அதையும் அசுசேனா பார்த்தாள். ஆனால் பார்த்ததிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் காலையில் தோன் கலோ அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேட்டையின் கால்பந்து லீகுக்குத் தலைவர், புதுவருடக் கமிட்டிக்கும் தலைவர். ஐம்பத்தெட்டு வயது. தலைக்கு மை அடித்து மீசையை வெள்ளையாக விட்டிருப்பார். கூடவே வாஷிங்டனும் வந்தான். மைதானத்தில் ஆட்டங்களுக்கு மைக் பிடிப்பவன் அவன்தான்.

"தங்கச்சி, இந்த வருஷம் எரிக்கப்போற பொம்மை யாருன்னு சொல்லு பாப்போம்?" தோன் கலோ எலுமிச்சையைச் சாற்றில் பிழிந்தார்.

"போன வருஷம் மின்வெட்டை எரிச்சோம். இந்த வருஷம் தண்ணிக் குழாயா?"

"குழாய் இல்ல. கோல்காரி."

அசுசேனா கரண்டியைப் பானைக்குள் விட்டாள்.

பெண்கள் அணிக்குக் கோல் காக்கும் கோல்காரி யோமைரா. இருபத்து நாலு வயது. வாரநாட்களில் லீகின் அலுவலக அறையில் வீரர்களின் அட்டைகளை எழுதித் தருவாள். ஜூன் மாதம் அவள் தோன் கலோவின் மேல் புகார் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று உத்தரவு வந்தது. தலைவர் கையெழுத்து இல்லாததால் ஆண்கள் அணியின் பெயர்ப்பட்டியல் செல்லாமல் போனது. இறுதி ஆட்டம் ஆடாமலே கோப்பை பக்கத்துப் பேட்டைக்குப் போனது. நவம்பரில் சாட்சி இல்லை என்று புகாரை மூடிவைத்துவிட்டார்கள். நாற்காலி திரும்பி வந்தது, கோப்பை வரவில்லை. பேட்டையில் யாரைக் கேட்டாலும், இந்த வருடம் நடந்த அநியாயம் என்று கோப்பை போனதைத்தான் சொல்வார்கள்.

"கோவம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. சும்மா விளையாட்டு. பச்சை ஜெர்சி, கையில பெரிய கிளவுஸ், வாயை இவ்ளோ பெருசா தொறந்து வெச்சு. நீ ஒரு நாலு வரி மட்டும் எழுது."

"இவ எழுதிருவா தலைவரே," என்றான் வாஷிங்டன். "தூக்கத்துலயே எழுதுவா."

"ஆமா, இவர் முழிச்சிருக்கறப்ப பாக்கற வேலையை எல்லாம் நான் தூங்கறப்பவே முடிச்சிருவேன்," என்றாள் அசுசேனா. இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுடைய வியாதியே அதுதான். கை நடுங்கினால் வாய் ஜோக் அடிக்கும்.

மே மாதத்திலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து, அலுவலக அறைக்குச் சாறு கொண்டுபோனாள். பட்டப்பகலில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முழங்கையால் இடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோன் கலோ திறந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. "சாவி காணோம்னு தேடிட்டிருந்தோம்," என்றார். அவர் தோளுக்குப் பின்னால் யோமைரா. ஒரு கையில் கிளவுஸ், இன்னொரு கை வெறுங்கை. அந்தக் கையால் ஜெர்சியின் கழுத்தைக் குவித்துப் பிடித்திருந்தாள். அவள் அசுசேனாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அசுசேனாவின் கையில் கொதிக்கிற பானை. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "என்ன தோன் கலோ, சாவியைச் சட்டைக்குள்ளயா தேடினீங்க?"

பத்துப் பதினைந்து பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே யோமைரா குனிந்து வெளியே போனாள்.

ஆகஸ்டில் பெண்கள் அமைப்பின் ஊதாத் துண்டு கட்டிய வக்கீலம்மா ஒருத்தி நகரத்திலிருந்து வந்து அசுசேனாவிடம் பேசினாள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும், வியாழன் காலை எட்டு மணி, அரசு வழக்கறிஞர் அலுவலகம். புதன்கிழமை வாஷிங்டன் அவளைத் தடுக்கவில்லை. "உன் இஷ்டம். நம்ம மேசை நிக்கற இடம் லீகோடதுன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்க," என்றான். அவ்வளவுதான். வியாழன் காலை அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பொய்யில்லை, நிஜமான வலி. அசுசேனா பொய் சொல்ல மாட்டாள், அவளுக்காக வயிறு சொல்லிவிடும்.

கமிட்டி வந்துபோன அன்று பிற்பகல் அவள் ஒரு தூக்கில் சாறு ஊற்றிக்கொண்டு யோமைராவின் வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒரு தகரக்கூரை அறை. படுக்கையின் மேல் பாதி அடுக்கிய பை.

"மச்சாலாவுக்குப் போறேன், சித்தி வீட்டுக்கு," என்றாள் யோமைரா. "வாழைக்காய்க்கு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. வாழைக்காய் எதுவும் கேக்காது."

"எப்ப?"

"ரெண்டாம் தேதி. வக்கீலம்மா சொல்றாங்க, ஒரே ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டா ஜனவரியில கேஸை மறுபடி தொறக்கலாமாம். தொறந்தா இருப்பேன். இல்லைன்னா இங்க இருந்து என்னக்கா பண்றது? ரொட்டி வாங்கப் போனாகூட 'கோப்பை எங்கடி'ன்னு கேக்கறானுங்க."

அசுசேனா தூக்கின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். "என்னைத் திட்டணும்னா திட்டிடு."

"திட்டறதுக்கு என்ன இருக்கு. அன்னைக்கு நீங்க கதவை இடிக்காட்டி இன்னும் மோசமாயிருக்கும்." யோமைரா பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது. "ஆனா நீங்க சிரிக்க வெச்சீங்க அக்கா."

பொம்மை விஷயம் அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. பஞ்சாயத்துப் பேச யாரும் இல்லாத பேட்டையிலும் இதுபோன்ற செய்தியைக் கொண்டுவர ஆள் இருக்கும்.

"நான் சொல்றேன்," என்றாள் அசுசேனா. "உயில்ல சொல்றேன். முந்நூறு பேர் முன்னாடி, ஒலிபெருக்கியில. யாரும் என்னைத் தடுக்க முடியாது, கோவிக்கவும் முடியாது. மேசையைத் தூக்குன்னு சொல்ல முடியாது. ஊரே கேட்டதுக்கப்புறம் அந்த ஆபீஸ்ல போய்ச் சொல்றது எனக்கு ஒண்ணும் பெருசில்ல. ரெண்டாம் தேதி காலையில நேரா போய்க் கையெழுத்துப் போடறேன். நீ பையை எடுக்காத."

யோமைரா சிக்கிய ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "சிரிக்க வெச்சுடாதீங்க," என்றாள்.

அசுசேனா மூன்று நாள் எழுதினாள். மற்றவர்களுக்கான வரிகள் வழக்கம்போல வந்தன. கோல்காரிக்கென்று கேட்ட நாலு வரியை மட்டும் அவள் எழுதவே இல்லை. தோன் கலோவின் பகுதியை எழுத உட்கார்ந்தால், எதுகை தானாக வந்து மடியில் உட்கார்ந்தது. நாய்க்குட்டி மாதிரி வாலாட்டியது. நான்கு தாளைக் கிழித்துப் போட்டாள். கடைசியில் எதுகையும் இல்லாமல் மோனையும் இல்லாமல், தேதி, கிழமை, மணி என்று மளிகைச் சீட்டுபோல எழுதிவைத்தாள். அந்தத் தாளை வாஷிங்டனிடம் காட்டவில்லை. மார்புக்கச்சையில் செருகிக்கொண்டாள்.

பொதுவாக உயிலை நள்ளிரவுக்கு முன்புதான் படிப்பார்கள். ஆனால் இருட்டினால் துப்பாக்கிக்காரர்கள் நடமாடுகிற தெருக்களாகிவிட்டதால், இந்த வருடம் எல்லாவற்றையும் மாலை ஐந்து மணிக்கே முடித்துவிடுவது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. பழைய வருடம் ஏழு மணிநேரம் முன்னதாகவே சாகச் சம்மதித்தது.

முப்பத்தோராம் தேதி மதியத்திலிருந்தே விதவைகள் தெருவை மறித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கறுப்புக் குட்டைப்பாவாடை, ஜாக்கெட்டுக்குள் பலூன், வலைக்காலுறைக்குள் முரட்டு ரோமக்கால்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பேட்டையின் ஆண்களுக்கு வீட்டில் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். நிற்கிற ஒவ்வொரு கார் மேலும் காசு கேட்டு விழுந்து, "ஐயோ, என் கிழவன் என்னைத் தவிக்க விட்டுட்டுப் போறானே!" என்று அழுதார்கள். பெண்கள் அழுவதை அவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருந்தார்கள் என்பது அன்று தெரியும். தோளின் குலுக்கல் முதல் மூக்கைச் சிந்துவது வரை ஒன்றும் பிசகாது. மூத்த விதவை தோன் கலோ. பொன்னிறப் பொய்முடி, வெள்ளை மீசை.

மைதானத்தின் நடுவே நாற்காலியில் பொம்மை உட்கார்ந்திருந்தது. மரத்தூள் அடைத்த உடம்பு, பச்சை ஜெர்சி, ஊதிப்போன கிளவுஸ், காகிதக்கூழ் முகத்தில் பிளந்த வாய். கீழே ஒரு பூப்போட்ட பாவாடை. அது தன்னுடையது என்று அசுசேனாவுக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆனது. பொம்மைக்கென்று கேட்டால் வருடாவருடம் அவள் யோசிக்காமல் கொடுத்தனுப்பும் பழந்துணி மூட்டையிலிருந்து போயிருக்கிறது.

வாஷிங்டன் கிழவன் குரலில் இருமி இருமிப் படித்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் பேண்டுக்காரன் லிசார்தோ பெரிய டிரம்மில் ஒரு அடி அடித்தான். அது வழக்கம். அடி விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

வேலை தேடித் தேடியே களைத்த வாஷிங்டனுக்கு – அவன்
காலை நீட்டிப் படுத்த தொங்குகட்டிலின் கயிற்றை எழுதிவைக்கிறேன்.

டும். தன்னைப் பற்றியதைத் தானே படித்துவிட்டுத் தானே சிரித்தான். நல்ல மனுஷன்தான், அதுதான் கஷ்டம். கடைசித் தாள் முடிந்ததும் அசுசேனா மேடையேறி, அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"என்னடி பண்ற?"

"ஒரு தாளை விட்டுட்டேன்."

கூட்டம் ஆரவாரித்தது. பதினோரு வருடம் மறைவிலிருந்த ஆள் வெளியே வந்துவிட்டாள். "அக்கா! அக்கா! அக்கா!" என்று விதவைகள் கைதட்டினார்கள். கைபேசிகள் உயர்ந்தன. மைதானத்துச் சுவருக்கு அப்பால் மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதில் நிற்பது யார் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தோன் கலோவுக்கு நான் எதையும் விட்டுட்டுப் போகலை," என்று படித்தாள்.

டும். சிரிப்பு.

"மே மாசம் பதினெட்டாம் தேதி. ஞாயித்துக்கிழமை. மூணரை மணி."

டும். இன்னும் பெரிய சிரிப்பு. அடுத்து வரப்போகிற வெடிக்காக எல்லா முகமும் மலர்ந்து காத்திருந்தது. அவள் லிசார்தோவைப் பார்த்து அடிக்காதே என்று தலையசைத்தாள். அவன் அதையும் கூத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டு கட்டையால் மெதுவாக உருட்ட ஆரம்பித்தான்.

"லீக் ஆபீஸ் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் இடிச்சேன். அவர் தொறந்தார். பித்தான் மாறியிருந்தது."

டும். "எந்தப் பித்தான்?" என்று எவனோ கத்தினான். "கால்சட்டையா, சட்டையா?"

"சிரிக்காதீங்க," என்றாள். அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். முகத்தை இப்படிக் கல்லாக வைத்துக்கொண்டு ஜோக் சொல்ல அசுசேனாவால் மட்டும்தான் முடியும் என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

"உள்ளே யோமைரா இருந்தா. ஒரு கையால ஜெர்சியோட கழுத்தைப் பிடிச்சிருந்தா. அது கிழிஞ்சிருந்தது. என்னைப் பாத்தா. நான் பாத்தேன். இது நடந்தது. இது ஜோக் இல்ல."

ஒரு கணம் மைதானத்தில் சத்தம் இல்லை. அந்த ஒரு கணத்தைப் பிற்பாடு அசுசேனா அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். எவ்வளவு நீளம் இருந்திருக்கும், இரண்டு மூச்சு இருக்குமா? முன்வரிசைப் பெண்ணின் வாய் மூடிக்கொண்டதைப் பார்த்தாள். லிசார்தோவின் கை அந்தரத்தில் நின்றதைப் பார்த்தாள்.

அப்போது தோன் கலோ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகால் செருப்பு தடுக்க, மேடையில் ஏறினார். அவள் காலடியில் தொப்பென்று விழுந்தார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெண்குரலில், தோள் குலுங்க அழுதார். "என்னை மன்னிச்சிடு தங்கச்சி! இனிமே கதவைத் தாழ் போட மாட்டேன்! தொறந்தே வெச்சிருப்பேன், எல்லாரும் வாங்க!"

டும் டும் டும் டும். முந்நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசைப் பெண் மார்பில் கைவைத்து, அப்பாடா என்று சிரித்தாள். வாஷிங்டன்கூடச் சிரித்தான், பயம் தெளிந்த சிரிப்பு. தோன் கலோ எழுந்து மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா, எனக்குக் கோவமே இல்ல. உயில்ல சொன்னா கோவிக்கக் கூடாது!" என்று அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பொய்முடி அவள் வாய்க்குள் போனது.

மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. எப்போது சாத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பொம்மையைக் கொளுத்தினார்கள். மரத்தூள் ஈரமாக இருந்ததால் ஜெர்சி சீக்கிரம் பிடிக்கவில்லை. பூப்போட்ட பாவாடைதான் முதலில் எரிந்தது.

ஜனவரி முதல் தேதி காலை அவள் மாடிப்படி ஏறிப் பார்த்தபோது அறை காலி. பை இல்லை. படிக்கட்டில் கழுவிக் கவிழ்த்த தூக்கு மட்டும் இருந்தது.

இரண்டாம் தேதி அவளுக்கு வயிறு வலித்தது. வலியோடே போனாள். முதல் பேருந்தைப் பிடித்து, எட்டு மணிக்கு அந்த அலுவலகத்தின் வரிசையில் நின்றாள். பத்தரைக்கு அவள் முறை வந்தது. கணினியின் முன் இருந்த குமாஸ்தா அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி பெயரைப் படித்தான்.

"அட, நீங்க உயில் அக்காதானே! அந்த விதவை வந்து கால்ல விழுவாரே... என் பொண்டாட்டி நாலு தடவை பாத்தா. எனக்கு ஏழு பேர் அனுப்பினாங்க."

"நான் சாட்சி சொல்ல வந்திருக்கேன்," என்றாள் அசுசேனா. "யோமைரா கேஸ்ல."

அவன் கணினியில் வழக்கின் கோப்பைத் தேடினான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இதுல எதிர்த்தரப்பு வக்கீல் இன்னைக்கு எட்டு மணிக்கே ஒண்ணு சேத்திருக்காரே. அந்த வீடியோதான். 'சாட்சின்னு யாராவது வந்தா, இவர் பதினோரு வருஷமா பேட்டைக்கு நகைச்சுவை எழுதித் தரவர்'னு போட்டிருக்கார்." அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பரவாயில்ல, சொல்லுங்க, நான் அடிச்சுக்கறேன். புகார் குடுத்தவங்க வருவாங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தாள். நேற்றிலிருந்து பதினாறு செய்திகள் அனுப்பியிருந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே ஒற்றை டிக் மட்டும் நின்றது.

"ஆரம்பிங்க," என்று குமாஸ்தா விசைகளின் மேல் விரல் வைத்தான்.

அசுசேனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மே மாசம் பதினெட்டாம் தேதி," என்றாள். "ஞாயித்துக்கிழமை. மூணரை மணி."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அடக்கத்தான் பார்த்தான், பாவம், தோள்தான் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரியும் தலையைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதீங்க," என்றாள் அசுசேனா.